கண்மாய்க்கு வந்த கயாக்

காரைக்குடி
5 மே 2024

கீர்த்தி,

இதைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டாலும் போடுவாய். இருந்தாலும் எழுதுகிறேன். போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்தது நான்தான். அதை எடுத்துவிட இன்னும் மனம் வரவில்லை. உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டும் இந்த வீட்டில் இப்போது ஆகாது. பக்கத்து அறையில் மாமா படுத்திருக்கிறார். வலது கையும் வாயும் இன்னும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

படகுப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது உன்னை விட்டுவிட்டுக் கிளம்பியது எனக்கு மட்டும் இனித்ததா? அய்யப்பன் அவருக்கு ஒரே பிள்ளை. துறைமுக வேலையை உதறிவிட்டு எனக்கு முன்னாலேயே இங்கே ஓடி வந்துவிட்டார். நான் மட்டும் தூத்துக்குடியில் உட்கார்ந்து கயாக் படகு ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா? அதற்கு நீ போனில் என்ன சொன்னாய்? "பக்கவாதம் உன் மாமனாருக்குத்தானே, உனக்கு இல்லையே." பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சரி. அதை விடு.

இங்கே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். செக்காலையில் சின்ன வாடகை வீடு. ஊர் நல்ல ஊர்தான். தெருக்கள் அகலம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு வர வேண்டிய கடல்காற்று வருவதில்லை, கீர்த்தி. முதல் வாரம் முழுக்க வாசலில் நின்று அதற்காகக் காத்திருந்தேன். எதிர்வீட்டு ஆச்சி, "யாரைம்மா பாக்குறே?" என்று கேட்டார்கள். காற்றை என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு பெரிய வீட்டு ஓட்டலில் நீச்சல் குளம் இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். நாலு கை போட்டால் சுவர்.

உடம்பு துருப்பிடிக்கிற மாதிரி இருக்கிறது. இதைச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை. அதனால்தான் கடிதம்.

நாகஜோதி


தூத்துக்குடி
14 மே 2024

நாகு,

கிழிக்கவில்லை.

நான் சொன்னது தப்புதான். அதை இன்னொரு முறை எழுத வைக்காதே.

ஆனால் நீ செய்ததற்கு என்ன பெயர்? ஆறு வருஷம் விடிவதற்குள் எழுந்து ஒரே படகில் போனவர்கள் நாம். நேரில் வந்து சொல்ல உனக்குக் கால் வரவில்லை. பேருந்து எட்டயபுரம் தாண்டிய பிறகு போன் செய்கிறாய். நான் பயிற்சி மையத்தில் உன் துடுப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இரட்டையர் பிரிவில் நம் பெயரை அடித்துவிட்டார்கள். போட்டியன்று கரையில் நின்று மற்றவர்களுக்குக் கொடி அசைத்தேன். வெயிலுக்குத் தொப்பி கொடுத்தார்கள். அது ஒன்றுதான் லாபம்.

காற்று இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. நாலு மணிக்குச் சரியாக.

மாமா எப்படி இருக்கிறார்? இதைக் கோபத்தில் கேட்கவில்லை.

கீர்த்தி


கல்லல் வழி, மாமா ஊர்
2 ஜூன் 2024

கீர்த்தி,

நீ சிரிக்கப் போகிறாய். நான் இன்னும் சிரிக்கவில்லை.

பள்ளி திறக்கும்வரை மாமாவின் ஊரில் இருக்கலாம் என்று வந்தோம். கல்லல் பக்கம், வயலும் பனையுமாக ஒரு ஊர். வந்த மறுநாளே கண்ணில் பட்டது ஒரு ஊரணி. சதுரமாக வெட்டிய குளம், நாலு பக்கமும் கல்படி, தண்ணீர் கண்ணாடி மாதிரி. நம் நீளப் பயிற்சிக்கு ஏற்ற அளவு. விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் பின்பக்க வழியாகப் போய் இறங்கினேன். ஆறு வாரத்துக்குப் பிறகு தண்ணீர்! போய் வந்து, போய் வந்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு நீந்தினேன்.

தலையைத் தூக்கினால் படியில் குடத்தோடு ஒரு அம்மா. கருப்பி என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். நின்ற இடத்திலேயே கத்தினார்.

"ஏ, யாருத்தா அது? குடிக்கிற தண்ணிக்குள்ள எறங்கிக் கெடக்குறது?"

"குளிக்கத்தாங்க..."

"குளிக்கவா! அடிப் பாவி மகளே, ஊரே ஒல வைக்கிறது இந்தத் தண்ணியிலதான்!"

இந்தப் பக்கத்து ஊர்களில் குடிக்க ஒரு ஊரணி, குளிக்க ஒரு ஊரணி என்று தனித்தனியாம். குடிக்கிற ஊரணிப் படியில் செருப்புக்கூடப் போட மாட்டார்கள். முன்வாசலில் அறிவிப்புப் பலகை இருந்திருக்கிறது. நான்தான் திருடி மாதிரிப் பின்பக்கமாகப் போனேனே.

ஈரச் சுடிதாரோடு வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. சாயங்காலம் கோயில் வாசலில் கூடினார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். சிலர், "தெரியாமப் பண்ணிருச்சு, விடுங்கப்பா" என்றார்கள். சிலர், "அதெப்படி இனிமே அதைக் குடிக்கிறது?" என்றார்கள். மழை வரும்வரை ஊரணித் தண்ணீரை மாற்ற வழியும் கிடையாது.

அப்போது என் மாமியார் எழுந்தார்கள். மீனாள் அத்தையைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன், வந்ததிலிருந்து என்னிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர்கள். யாரோ வைத்திருந்த சொம்பை வாங்கிக்கொண்டு நேராக ஊரணிப் படி இறங்கினார்கள். கூட்டமே பின்னால் போனது. ஒரு சொம்பு மோந்து, எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடித்தார்கள்.

"எங்க வீட்டுப் புள்ள எறங்குன தண்ணி. நாங்க இதத்தான் குடிக்கப் போறோம். குடிக்கிறவுக குடிங்க, கூடாதுங்கிறவுக விடுங்க. ஆனா எம்மருமகளை இனிமே ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூடாது என்றவர்கள் வீடுகளுக்கு எங்கள் பம்புசெட்டிலிருந்து நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அய்யப்பனின் பழைய சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன். வெயிலில் மண்பாதையில் மிதித்துப் பார், அலையில் துடுப்புப் போடுவது சுகம் என்பாய். வீட்டு வாசலில் இறக்கி வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் கேனை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாமாவுக்குப் பரவாயில்லை. நேற்று "சைக்கிள்" என்று ஒரு சொல் தெளிவாக வந்தது. அதற்காகவாவது மிதிக்கலாம்.

நாகு


தூத்துக்குடி
12 ஜூன் 2024

நாகு,

சிரித்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

உன் மாமியாரை எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்காக அப்படி ஒருத்தர் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். நீ குடிப்பாய். அதாவது, முன்பு.

மையத்தில் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டாம். ஒருத்தி வருவாள், பழகுவாள், அவள் கையசைவு எனக்குப் பழகும், பிறகு அவளுக்கும் ஒரு மாமனார் இருப்பார். நம் இரட்டைப் படகைப் பின் இருக்கையிலிருந்து தனியாகவே ஓட்டிப் பழகப் போகிறேன். முடியாது என்கிறார்கள். பார்ப்போம்.

கீர்த்தி


காரைக்குடி
28 ஜூலை 2024

கீர்த்தி,

ஒன்றரை மாதமாக நான் பதில் போடவில்லை, நீயும் எழுதவில்லை. கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுது.

முதலில் நீ கடைசியாக எழுதியதற்கு வருகிறேன். அந்தப் படகைத் தனியாக எடுக்காதே. பின்னால் மட்டும் ஆள் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். காற்று அதைப் பிடித்துத் திருப்பும். இது எனக்குத் தெரிந்ததே உன்னால்தான். அதுவும் இது கச்சான் காற்று அடிக்கிற மாதம், கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். எடுக்கவில்லை என்று எழுது.

மாமா ஊர் சமாதானமாகிவிட்டது. எப்படி என்று கேள். ஒருநாள் கருப்பி அக்கா கேனைத் திருப்பிக் கொடுத்தார். "நீ கொண்டாற தண்ணி உப்பு. கஞ்சி வாயில வைக்க வெளங்கல. நாங்க ஊரணிக்கே போயிக்கிறோம்." அவ்வளவுதான் தீர்ப்பு. மறுநாள் எல்லாக் குடமும் ஊரணியில்.

பள்ளி திறந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. விடியலில் அரியக்குடி வரை ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை கண்டரமாணிக்கம் வரை. வண்டி இல்லாத நேரத்தில் செம்மண் பாதையில் இறங்கி ஓட்டினால் கொஞ்சம் கடல் மாதிரிதான், ஏறுகிறது, இறங்குகிறது. பொய் சொல்லவில்லை. கொஞ்சம் மாதிரிதான், முழுக்க இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. போன மாதம் கருப்பி அக்கா ஊர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அன்று என்னைத் திட்டிய அதே வாய்.

"நீ அன்னைக்கி மீனு மாதிரிப் போனியே. அது சொல்லிக் குடுத்தா வருமா?"

"வரும். ஏங்க்கா?"

"போன வருசம் எந்தங்கச்சி மக கம்மாய்க்குள்ள போயிட்டா. மாட்டைக் குளிப்பாட்டப் போன புள்ள. கரையில பொம்பளைக எட்டுப் பேரு நின்னோம், ஒருத்திக்கும் நீச்சல் தெரியல. ஆம்பளைக வந்து தூக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பயலுக கெணத்துல குதிச்சுக் கத்துக்கிருவாங்க. பொம்பளப் புள்ளைகள யாரு விடுறா?"

நீச்சல் என்றால் எனக்கு என் சந்தோஷம்தானே, இத்தனை நாளும்.

இப்போது சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விடுகிறேன், மத்தியானம் எங்கள் பம்புசெட் கிணற்றில் வகுப்பு. படி வைத்த பெரிய கிணறு. அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று அத்தை வரப்பில் உட்கார்ந்து காவல். இடுப்பில் கயிறு, முதுகில் காலிக் கேன். பெண்களும் பெண்பிள்ளைகளுமாக வருகிறார்கள். கிணறு எதிரொலிக்கிறது, ஒரே கூச்சல்.

எழுது. ஒரு வரியாவது.

நாகு


தூத்துக்குடி
11 ஆகஸ்ட் 2024

நாகு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டேன்.

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இந்த முறை நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

ஜூலை தொடக்கம். காலையில் காற்றே இல்லை, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. தீவுப் பக்கம் போய்த் திரும்பலாம் என்று போனேன். திரும்பும்போது கச்சான் எழும்பியது. நீ எழுதியது போலத்தான், முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கரையைப் பார்த்துத் திருப்புகிறேன், அது கடலைப் பார்த்துத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு ஒரு அலை பக்கவாட்டில் வந்து கவிழ்த்தது. போன் போய்விட்டது. துடுப்பு போய்விட்டது. படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். லைஃப் ஜாக்கெட் இருந்ததால் இதை எழுதுகிறேன்.

மத்தியானத்துக்கு மேல் சங்கு குளிக்கப் போன வள்ளம் ஒன்று பார்த்தது. என்னையும் படகையும் தூக்கிப் போட்டார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை, பல் தந்தியடித்தது. வயதான ஒருவர் கயாக்கைப் பார்த்தார். இரண்டு இருக்கை.

"இன்னொரு ஆளு எங்கம்மா?"

அவர்கள் வள்ளத்தைத் திருப்பிச் சுற்றிச் சுற்றித் தேட ஆரம்பித்தார்கள். ஒருவர் குதித்தே விட்டார். அவர்கள் அங்கே தண்ணீருக்குள் உன்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நாகு. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் எப்படியோ குரல் வந்தது. "அவ காரைக்குடியில இருக்கா" என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்தப் பெரியவர் தன் துண்டை என் தலையில் போட்டுவிட்டு, "சரிம்மா, காரைக்குடியில இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்றார்.

அம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தண்ணீரில் கால் வைக்கவில்லை. மையத்தில் கணக்கு வழக்கைப் பார்க்கிறேன் என்று சொல்லி மேசையில் உட்கார்ந்துகொள்கிறேன். கடற்கரைச் சாலையை விட்டு ஊருக்குள் சுற்றி வீட்டுக்குப் போகிறேன். கடல் இல்லாத ஊருக்குப் போனவள் நீ. இப்போது யார் கடல் இல்லாமல் இருப்பது?

கீர்த்தி


காரைக்குடி
14 ஆகஸ்ட் 2024

என் கீர்த்தி,

பள்ளியில் இடைவேளையில் பிரித்தேன். மைதானத்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது தெரியவில்லை. பிள்ளைகள் வந்து, "டீச்சர், யாரு செத்துப் போனா?" என்று கேட்டார்கள். "யாரும் இல்ல, யாரும் சாகல" என்று அவர்களைக் கட்டிக்கொண்டேன். பயந்துபோனார்கள்.

உயிரோடு இருக்கிறாய். எனக்கு அது போதும், மற்றதெல்லாம் பிறகு. அந்த வள்ளத்துக்காரர்கள் ஊர் தெரிந்தால் எழுது. அய்யப்பனும் நானும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்தப் பெரியவருக்கு நான் நன்றாக இருப்பதைக் காட்ட வேண்டும்.

திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் நீயாகக் கூப்பிடும்வரை நான் கூப்பிட மாட்டேன், உனக்கு எழுதுவதுதான் எளிது என்றால் எழுது. கடலில் இறங்கச் சொல்ல மாட்டேன். மழைக்குப் பிறகு இங்கே வா. அதுவரை மேசையிலேயே உட்கார். ஒரு குற்றமும் இல்லை.

நாகு


கல்லல் வழி
24 நவம்பர் 2024

கீர்த்தி,

வயலுக்குப் பாயும் ஊர்க் கண்மாய் நிறைந்துவிட்டது. மறுகரை தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன், தெரிகிறது. அலை கிடையாது. நடுவில் கருவேல மரங்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கொக்கு அத்தனையும் அதில்தான். இது குடிக்கிற தண்ணீர் இல்லை, இந்த முறை கேட்டுவிட்டேன்.

மினி லாரி பிடித்துப் படகோடு வா.

நாகு


தூத்துக்குடி
15 டிசம்பர் 2024

நாகு,

வந்து சேர்ந்தேன். அத்தை கட்டிக் கொடுத்த சீப்புச் சீடையை அம்மாவே தீர்த்துவிட்டார்கள்.

நேரில் இருந்தபோது சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சளி என்று சொல்லிக் கரையில் உட்கார்ந்திருந்தேனே, சளி இல்லை. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நீ ஒன்றும் கேட்கவில்லை. கருப்பி அக்காதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒனக்கும் தண்ணி பயங்காட்டிருச்சோ?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கும்தான். எங்க புள்ளையத் தூக்கிப் போட்ட கரை இதுதான். இப்ப இடுப்பளவு எறங்குறேன். ஒனக்கு எம்புட்டு முடியுதோ அம்புட்டு எறங்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இடுப்பளவு வரை போய், இருவரும் ஒரு வேலையும் செய்யாமல் நின்றோம். அந்த ஒரு நிற்பில் எனக்குப் பாதி போய்விட்டது.

மறுநாள் நீ பின் இருக்கையில் ஏறிக்கொண்டு, "முன்னாடி உட்காரு" என்றாய். ஆறு வருஷத்தில் நான் ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவளைப் பார்க்க முடியாது, துடுப்பின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு நேரே பார்த்துத் துடுப்புப் போட வேண்டும். நீ இத்தனை வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கருவேல மரங்களுக்கு நடுவில் போகும்போது அழுதேன். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் தெரியாது என்றே இருக்கட்டும்.

இன்னொன்று. நான் கயாக்கை மட்டும் கொண்டு வரவில்லை, ஒரு வேலையையும் கொண்டு வந்தேன். மையத்தில் பெண்களுக்கான பயிற்சியாளர் இடம் காலியாகிறது. உன்னைக் கேட்கச் சொன்னார்கள். மாமா இப்போது நடக்கிறார், அய்யப்பனுக்கும் துறைமுகத்தில் திரும்பக் கிடைக்கலாம், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று வழியெல்லாம் வசனம் பழகினேன். வந்து பார்த்தால் நீ கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "காலை அடிங்கத்தா, காலை!" என்று கத்திக்கொண்டிருக்கிறாய். உன் குரலில் அந்த ஊர் வந்துவிட்டது. நான் வசனத்தை மறந்துவிட்டேன். அய்யப்பனிடம் மட்டும் சொன்னேன், நீயே கேள் என்றார். கேட்கவில்லை. இப்போது எழுத்தில் கேட்கிறேன். கேட்காமல் விட்டால் அது எனக்குள் கிடந்து அரிக்கும்.

படகை அங்கேயே விட்டு வந்தது மறதியால் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். எனக்கு மையத்தில் ஒற்றைப் படகு தருகிறார்கள். முந்தாநாள் எடுத்தேன். கரையை ஒட்டியே போய், கரையை ஒட்டியே வந்தேன். இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தேன். புகைபோக்கி இருந்த இடத்தில் பெரிதாகவே இருந்தது.

கீர்த்தி


காரைக்குடி
24 டிசம்பர் 2024

கீர்த்தி,

ஒற்றைப் படகு எடுத்தாய் என்ற வரியை அய்யப்பனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். உனக்காக அவர் அப்படி மூச்சு விடுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

வேலைக்குப் பதில் சொல்கிறேன். நீ இதை மே மாதம் கேட்டிருந்தால் அடுத்த பேருந்தில் ஏறியிருப்பேன். மாமாவை, அய்யப்பனை, யாரையும் பார்த்திருக்க மாட்டேன். அந்த அளவுக்கு மூச்சு முட்டியது. அன்று உன் லாரி படகில்லாமல் திரும்பிப் போனதே, அது வளைவில் மறைகிறவரை ரோட்டில் நின்றேன். மனசு அதன் பின்னாலேயே ஓடும், பிடித்து இழுத்து வர வேண்டும் என்று தயாராக நின்றேன். ஓடவில்லை, கீர்த்தி. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். அப்போதும் ஓடவில்லை. சைக்கிளைத் திருப்பி வைத்து ஏறிக்கொண்டேன். மிதிக்க மிதிக்கச் சிரிப்பு வந்தது. எவ்வளவு பயந்திருந்தேன், உன்னைப் பார்த்தால் எல்லாம் உடைந்துவிடும் என்று!

கடல் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. கோடை விடுமுறையில் வருகிறேன், உன் பக்கத்தில் இன்னொரு ஒற்றைப் படகில். ஆனால் வந்துவிட்டுத் திரும்புவேன்.

இந்த வாரச் செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மீனாள் அத்தை காவலுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்தார்கள். அங்குட்டும் இங்குட்டும் பார்த்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார்கள். மார்பளவு வந்ததும் நின்று, "எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குறே. என்னைய ஒரு வார்த்தை கேட்டியாத்தா?" என்றார்கள்.

முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து மல்லாத்தினேன். உடம்பு கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. "வானத்தைப் பாருங்க அத்தை, மூச்ச இழுங்க, நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து இளகியது, பிறகு தோள், பிறகு விரல்கள். கொக்குகள் மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அத்தை கண்ணைத் திறந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே, "விட்டுறாதத்தா, விட்டுறாத" என்றார்கள்.

நான் கையை எடுத்து வெகு நேரமாகியிருந்தது.

நாகு